மூத்த மகளின் காலைப் பொழுது

ரப்பர் மரத்தின் பால் விடியற்காலைக் குளிரில்தான் தாராளமாக ஓடும். வெயில் ஏற ஏறப் பட்டையினுள் இருக்கும் அழுத்தம் தணிந்து ஓட்டம் மந்தமாகிவிடும். தாவர சாஸ்திரம் அறிந்தவர்கள் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடும் இந்த இயற்கை உண்மைதான், சிலாங்கூரின் வட பகுதியில், கோலசிலாங்கூரில் தொடங்கி புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வழியாக உலு சிலாங்கூர் வரையில் பரந்து கிடந்த தோட்டங்களில் பிறந்த எத்தனையோ தமிழ்ப் பெண்மக்களின் கல்வியை, அவர்கள் எழுத்தறியும் பிராயத்தை அடைவதற்கு முன்பே நிர்ணயம் செய்துவிட்டது. இருள் விலகாத ஐந்து மணிக்கெல்லாம் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் நிரைக்குப் போகிற தாய், முந்நூறு, நானூறு மரங்களைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பால் ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, ஒட்டுப்பால் மூட்டையோடு லயத்துக்குத் திரும்பும்போது பிற்பகல் ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகியிருக்கும். பாடசாலையோ காலை ஏழரை மணியளவில் தொடங்கி நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் முடிந்துவிடும். தாய் வீட்டில் இல்லாத நேரமும் பள்ளிக்கூடம் நடக்கிற நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்ட அந்த வாழ்க்கையில், தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கும், வாசற்படியில் தவழும் குழந்தைக்கும், பசியோடு திரும்பிவரும் பெற்றோருக்கும் பொறுப்பேற்க ஒரு ஜீவன் அவசியமாயிற்று. அந்த ஜீவன் அநேகமாக வீட்டின் மூத்த மகள்.

தோட்டத்து ஜனங்கள் பெண்பிள்ளைகளின் படிப்பை அலட்சியம் செய்தார்கள் என்றும், சம்பிரதாயப் பிடிப்பினால் அவர்களைச் சமையற்கட்டிலேயே நிறுத்திவைத்தார்கள் என்றும் பட்டணத்துத் தமிழர்களிடையே ஓர் அபிப்பிராயம் நெடுநாளாகவே உண்டு. சம்பிரதாயத்துக்கும் அதில் பங்கு இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பங்கை மட்டும் பெரிதாக்கிப் பேசுகிறவர்கள் கூலிக் கணக்கைப் பார்ப்பதில்லை. 1920களின் இறுதியில் வகுக்கப்பட்ட நிர்ணயக் கூலியின்படி ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது அதுவும் வெட்டப்பட்டது. ஒருவர் கூலியில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்ற நிலையில் கூலி வைக்கப்பட்டிருந்ததால், தாய் வேலைக்குப் போவது விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கவில்லை. ரப்பர் தோட்டங்களின் தொழிலாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்களாக இருந்தமைக்கு இதுவே காரணம். தாயின் கை தோட்டத்துக்குத் தேவைப்பட்டது. தாயின் இடத்தை நிரப்ப மகளின் கை தேவைப்பட்டது. செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் பெயர் இல்லாத, கூலி பெறாத அந்தச் சிறுமியின் உழைப்பின் மீதுதான் லண்டனில் பதிவான கம்பெனிகளின் லாபத்தில் ஒரு பகுதி எழுந்தது என்று நான் சொன்னால் அது மிகையாகாது. அவளிடமிருந்து எடுக்கப்பட்டது அவளுடைய படிப்பு.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வசிக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் அமைத்துத் தரவேண்டும் என்று விதித்தது. அந்த விதியின் பயனாகத் தோட்டந்தோறும் ஒரு கொட்டகை எழுந்தது. கங்காணியோ கிராணியோ, சில இடங்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு தொழிலாளியோ உபாத்தியாயர் ஆனார். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒரே குரலில் பாடம் ஒப்பித்தார்கள். அரைகுறை என்றாலும் அது பள்ளிக்கூடந்தான். அதை இழிவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் இன்று மலேசியத் தமிழ் நிலைத்து நிற்பதற்குக் காரணமான வேர்களில் அதுவும் ஒன்று. ஆனால் பள்ளி கட்டச் சொன்ன சட்டம், பெண்பிள்ளை அங்கு வந்து சேர்வதற்கு வீட்டில் என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்கவில்லை. ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. மரம் சீவும் சக்தி போய்விட்ட ஒரு கிழவி, வரிசையாகத் தொங்கும் புடவைத் தொட்டில்களைத் தனியொருத்தியாக ஆட்டிக்கொண்டிருப்பாள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, கிழவிக்கே உடம்பு முடியாவிட்டாலோ, அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமியின் இடம் வெறுமையாகிவிடும். அப்படி ஒரு வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று வெறுமையான இடம், மூன்றாம் வகுப்போடு நிரந்தரமாக வெறுமையாகிவிடும்.

தொழிலாளிகள் இதை உணராமல் இல்லை என்பதற்குச் சரித்திரத்தில் தக்க சாட்சியம் இருக்கிறது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆரம்பமாகிச் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவிய மாபெரும் தோட்ட வேலைநிறுத்தத்தில், ஆர். எச். நாதன் முதலியோர் நின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வும், கள்ளுக்கடை மூடலும், துரையின் முன்னிலையில் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் கேட்ட அதே பட்டியலில், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலதிகாரிகள் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தன. பெண்ணின் மானமும் பிள்ளையின் எழுத்தும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டன. அரசாங்கம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். எழுதப் படிக்க வழியற்றிருந்த மனிதர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டுமென்று குண்டுகளுக்கு எதிரே நின்றார்கள் என்பதை அறிந்த பின்னும், தோட்டத்தானுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று யாரேனும் கூறினால் அவரோடு எனக்கு வாதம் இல்லை. வருத்தம் மட்டுமே உண்டு. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1943இல், இந்திய விடுதலைப் போருக்கான பெண்கள் அணியாகிய ஜான்சி ராணிப் படைக்கு ஆள் திரட்டியபோது பால்மரக் காட்டிலிருந்து புறப்பட்டுப் போன இளம்பெண்கள் அநேகர். துப்பாக்கி பிடிக்கவும் அணிவகுத்து நடக்கவும் கற்ற கைகள் அவை. அதற்கு முன் அக்கைகளில் பலவற்றுக்குப் பலகையும் பென்சிலும் அகப்படவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே உள்ள தென்னமரம் தோட்டத்துக்கு உலக வர்த்தக சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. பிரெஞ்சுக்காரராகிய ஹென்றி போக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டத்தை அங்குதான் உண்டாக்கினார். அவரே பின்னர் மலாயா வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு எழுதிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். அந்த மண்ணிலிருந்து ஒரு தேசத்தின் செல்வமும், ஒரு தேசத்தின் இலக்கியப் பரிசும் விளைந்திருக்கின்றன. அதே மண்ணில் வாழ்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது நேர்ந்தது வேலை மாற்றம் மட்டுமே. ஆண் குலையை வெட்டித் தள்ளுவான். பெண் முள்ளுக்கிடையே குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவாள். எடைக்கேற்ற கூலி என்றான பிறகு, பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் சாக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். பள்ளிக்குப் போகாத நாட்களில் காலையிலேயே போனார்கள்.

மெர்டேக்கா வந்தது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. பெரும்பாலானவை தோட்டத்துப் பள்ளிகள். 1962இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் நீங்கியது; சில ஆண்டுகளில் இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வும் நீங்கி, எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை படிக்கலாம் என்றாயிற்று. காகிதத்தில் பார்த்தால் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தன. தோட்டத்துப் பெண்ணின் கதை இங்கேதான் மிகுந்த கவனத்தோடு படிக்கப்பட வேண்டியதாகிறது. ஏனென்றால் ஆறாம் வகுப்புக்கும் முதலாம் படிவத்துக்கும் இடையில் அவள் எதிர்கொண்ட தடைகள் ஒன்றல்ல, அவை யாவும் ஏறத்தாழ அவளுடைய பன்னிரண்டு, பதின்மூன்றாம் வயதில் ஒருங்கே வந்து சேர்ந்தன.

தமிழ்ப் பள்ளியை முடித்தவர்கள் மலாய் மொழியில் போதிய தேர்ச்சி காட்டினாலன்றி நேரே முதலாம் படிவத்துக்குப் போக முடியாமல், புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டும். லயத்துக்கு வெளியே மலாய் பேசும் அண்டை வீடு இல்லாத பிள்ளைக்கு அந்த ஆண்டு பெரும்பாலும் விதிக்கப்பட்டதாகவே இருந்தது. ஆக, தோட்டத்துப் பிள்ளையின் படிப்பு மற்றவர்களுடையதைவிட ஓராண்டு நீளம். அந்த ஓராண்டுச் செலவைத் தாங்க வேண்டிய வீடோ மற்றவர்களுடையதைவிட வறியது. இடைநிலைப் பள்ளி தோட்டத்தில் இல்லை, பட்டணத்தில் இருந்தது. செம்மண் சாலையில் ஒன்றிரண்டு மைல் நடந்து பெரிய சாலைக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். பஸ் இல்லாத இடத்தில் தோட்டத்து லோரியோ டிராக்டரோ ஏற்றிச் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் சாலை சேறாகிவிடும். பிற்பகல் வகுப்பில் போட்டுவிட்டாலோ, வீடு திரும்பும்போது செம்பனை மரங்களிடையே பொழுது சாய்ந்திருக்கும். அந்தப் பிராயத்தில்தான் பெண் பெரிய மனுஷியாகிறாள். சடங்கு முடிந்த மகளை, ஆள் நடமாட்டமற்ற பாதையில், அந்தி நேரத்தில் தனியே நடக்கவிட எந்தத் தாய்க்குத்தான் துணிவு வரும்? அவளுடைய அச்சத்தை மூடநம்பிக்கை என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவது சுலபம். விளக்கில்லாத பாதைக்கு ஒரு பஸ் அனுப்புவது கொஞ்சம் சிரமம். நம் சமூகத் தலைவர்கள் மேடைகளில் நெடுங்காலம் சுலபமானதையே செய்துவந்தார்கள்.

தம்பிக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் அவன் போய்விடுவான். அக்காளுக்கு அதே சைக்கிள் அநேக வீடுகளில் கிடைக்கவில்லை. வறுமை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது, ஆயினும் வீட்டில் ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்று வந்தபோது யாரை நிறுத்துவது என்பதில் தோட்டத்துக்குத் தோட்டம் அதிக வித்தியாசம் இருக்கவில்லை. இந்த இடத்தில் நம்முடைய குற்றத்தை நாம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்த ஈ. வெ. ராமசாமியும், அவர் கருத்துகளைப் பரப்பிய சீர்திருத்தச் சங்கத்தாரும், கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசும் பெண்கல்வியின் அவசியத்தை ஓயாமல் எடுத்துச் சொன்ன பின்னரும், ‘பெண்ணுக்குப் படிப்பெதற்கு, இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே’ என்ற பேச்சு லயங்களில் ஓயவில்லை.

கல்வியாளர் தி. மாரிமுத்து 1984இல் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு, பள்ளிப் படிப்பு முட்டுச்சந்தாகப் போய் நிற்பதைக் குறிக்கும் தலைப்பையே இட்டார். அது கடுமையான தலைப்பு. ஆனால் நிலைமை அவ்வளவு கடுமையாகத்தான் இருந்தது. அக்காலத்தில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர்களும் ஆசிரியர்களும் வார இறுதிகளில் தோட்டங்களுக்குச் சென்று பாடம் சொல்லிக்கொடுக்கத் தலைப்பட்டார்கள். கல்வி சமூகநல ஆய்வு அறவாரியம் தோன்றியது. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு நாடெங்கும் துணைப்பாட வகுப்புகளை நடத்தலாயிற்று. இவர்கள் ஆற்றிய தொண்டு அளப்பரியது. துணைப்பாட வகுப்பு கோயில் மண்டபத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ, அதாவது வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், நடந்தபோது பெண்பிள்ளைகள் தயக்கமின்றி வந்தார்கள் என்பது என் கணிப்பு. தூரம் குறைந்தால் பெண்கல்வி கூடும் என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டுமோ?

எழுபதுகளில் இன்னொரு பஸ் தோட்டத்து வாசலுக்கு வந்தது. 1972இல் சுங்கைவே சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது முதலாக, மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு நுண்ணிய வேலை செய்யும் இளம்பெண்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். பள்ளிக்கு அனுப்பப் பஸ் கிடைக்காத சந்துகளிலெல்லாம் தொழிற்சாலைப் பஸ் நுழைந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பெண் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சம்பளத்தை அம்மாவின் கையில் கொடுத்தாள். அந்தச் சம்பளத்தால் தம்பி தங்கைகள் படித்தார்கள், கூரை மாறியது, அவள் குரலுக்கும் வீட்டில் ஒரு மதிப்பு ஏற்பட்டது. ஆகையால் அந்த பஸ்ஸை நான் சபிக்க மாட்டேன். ஆயினும், தொழிற்சாலைக்கு வேண்டும்போது ஒரு மாதத்தில் ஏற்பாடாகிற வாகனம், பள்ளிக்கு வேண்டும்போது ஒரு தலைமுறையாகியும் ஏற்பாடாகாமற்போனது எதனால் என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை.

தோட்டத்திலேயே தங்கிவிட்ட பெண்களுக்கு வாய்த்தது மருந்து அடிக்கும் வேலை. முதுகில் தொட்டியைச் சுமந்து, பராக்குவாட் முதலான களைக்கொல்லிகளைத் தெளித்த தொழிலாளரில் பெரும்பாலோர் பெண்கள். ஐரின் பெர்னாண்டஸ் தலைமையில் தெனகனித்தா அமைப்பு 1990களின் ஆரம்பத்தில் தோட்டங்களில் நடத்திய ஆய்வு, அவர்கள் பட்ட தோல் நோய்களையும், மூக்கில் வடிந்த இரத்தத்தையும், உதிர்ந்த நகங்களையும் உலகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தது. பீப்பாயின் மேல் எச்சரிக்கை எந்த மொழியில் அச்சிட்டிருந்தால் என்ன? மூன்றாம் வகுப்போடு நின்று, அதையும் மறந்துபோன ஒரு தாய் அதை வாசிக்க முடியாது. தண்டல் சொன்ன அளவில் கலந்தாள். கை கழுவத் தண்ணீர் அகப்படாத இடத்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பராக்குவாட் மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2020இல்தான். எழுத்தறிவு என்பது உத்தியோகத்துக்கான படிக்கட்டு என்று மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள், அது உயிரைக் காக்கும் காரியமாகவும் இருந்தது என்பதை இத்தாய்மாரின் கைகளைப் பார்த்து அறியலாம்.

இன்னொரு தடை உண்டு. கண்ணுக்குத் தெரியாதது, அதனாலேயே கொடியது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதாரின் விவாகங்கள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, ஊரார் முன்னிலையில் நடந்த கலியாணம் பலருக்குப் போதுமானதாயிருந்தபடியால், பதிவாளர் அலுவலகத்தை அவர்கள் நாடவில்லை. பதிவில்லாத விவாகத்தில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தாய் வழியாகவே வரும் என்பது அரசியல் சட்டத்தின் நிலை. தாயோ அடையாள அட்டையே இல்லாதவளாக இருந்தால், குடிமகனாகிய தகப்பனுக்குப் பிறந்தும் அந்தப் பிள்ளை அந்நியப் பிள்ளையாகிவிடுகிறது. படிக்காத தாய் பாரத்தை நிரப்பத் தெரியாமல் விட்டாள். அவள் நிரப்பாத பாரத்தினால் அவள் மகள் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்டாள். ஒரு தலைமுறையின் கல்வியின்மை அடுத்த தலைமுறையின் கல்வியைப் பறிக்கும் விதத்தை இதைவிடப் பிரத்தியட்சமாகக் காட்டும் உதாரணத்தை நான் அறியேன். 2011இல் மைடப்தார் என்ற பெயரால் இந்தியர்களின் ஆவணங்களைப் பதியும் இயக்கம் நடந்தபோது வரிசையில் வந்து நின்றவர்களில் நரைத்த தலைகளும் இருந்தன. பள்ளிச் சேர்க்கை விதிகளும் பின்னர் ஓரளவு தளர்த்தப்பட்டன. எனினும் ஆவணம் இல்லாத தாய்மார் இன்றும் இருக்கிறார்கள்.

தோட்டங்களே இப்போது மறைந்துகொண்டிருக்கின்றன. மேரி, மின்யாக், நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி ஆகிய தோட்டங்களின் பாட்டாளிகள் ஒரு வீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராட நேர்ந்த வரலாறு வட சிலாங்கூர் அறிந்ததே. லயம் இடிந்து, அந்நியத் தொழிலாளர் வந்து, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறியபோது பள்ளிகளும் பிள்ளைகளை இழந்தன. 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. எஞ்சியவற்றிலும் நூற்றைம்பது பிள்ளைகளுக்குக் குறைந்தவை அநேகம். மறுபுறம், தென்னமரத்தை அடுத்து, இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தையில் சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் நிற்கிறது. பட்டம் தரும் கட்டடம் செம்பனை நிழலுக்கே வந்துவிட்டது. அதன் படியில் ஏறிய தோட்டத்துப் பேத்திகள் உண்டு. ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் வக்கீல்களாகவும் உயர்ந்தவர்கள் உண்டு. அவர்களை எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது.

நாட்டின் பொதுப் பல்கலைக்கழகங்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களே என்று கூறி, பெண்கல்விப் பிரச்சினை தீர்ந்தது என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தேசியச் சராசரியில் கோலாலம்பூர்ப் பெண்ணும் ராஜா மூசா தோட்டத்துப் பெண்ணும் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள். எஸ்.பி.எம். தேர்வில் சுமாராகத் தேறிய தோட்டத்துப் பெண்ணுக்கு ஆறாம் படிவம் எந்த ஊரில் இருக்கிறது, அங்கு போக எத்தனை மணிக்குப் பஸ், விடுதியில் இடம் உண்டா, பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனுக்கு யார் கையொப்பம் இடுவார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காமல், பேரங்காடிக் கல்லாவில் போய் நிற்பது இன்றும் நடக்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அவள் நிறுத்தப்படுவதில்லை. அம்மாவின் டயாலிசிஸ் சிகிச்சைக்குத் துணையாக நிறுத்தப்படுகிறாள். காலைப் பொழுது மறுபடியும் அவளிடமிருந்தே எடுக்கப்படுகிறது.

ஆகவே கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பெண்கல்விக்கு ஏதேனும் செய்ய நினைக்கிற சங்கங்கள், பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை வேனுக்கும் விடுதிக்கும் செலவிடட்டும்; ஆலய நிர்வாகங்கள் தங்கள் மண்டபத்தில் கலியாணம் நடக்குமுன் பதிவுப் பத்திரத்தைக் கேட்கட்டும். இன்னொரு கடமையும் பாக்கி இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்ற அந்த மூத்த மகள்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து, மருத்துவமனைச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் பேரப்பிள்ளையின் பள்ளி அறிக்கையையும் யாரிடமேனும் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வட சிலாங்கூரின் தமிழ்ப் பள்ளிகளில் மாலை வேளையில் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மனம் வைத்தால், வாரத்துக்கு இரண்டு மாலை அவர்களுக்காக ஒரு வகுப்பைத் திறப்பதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.